நோட்டீஸ் பலகையில் முப்பது நாள்

கம்பி வலை போட்ட பலகை. உள்ளே பத்திர எழுத்தர்களின் பெயர்ப் பட்டியல், மழைநீர் இறங்கி மை கரைந்துபோன ஏதோ ஒரு சுற்றறிக்கை. ஓரத்தில் ஒற்றைக் குண்டூசியில் தொங்குகிற ஏ4 தாள். காற்றடித்தால் மறுபக்கம் திரும்பிக்கொள்ளும். அதில் என் பெயர், வயது, வேலை, வீட்டு முகவரி. அடுத்த வரியில் நான் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவருடையது. 2019 ஜூன் மாதம், சென்னையில் ஒரு சார்பதிவாளர் அலுவலக வராந்தாவில் அந்தத் தாள் முப்பது நாள் தொங்கியது. நில விற்பனைக்கும் வில்லங்கச் சான்றுக்கும் வருகிறவர்கள் எல்லாம் டீ குடித்துக்கொண்டே அதைப் படித்தார்கள். ஒருவர் என் கண்ணெதிரே சத்தமாகவே படித்தார். பெயர் அடுத்தடுத்து வந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் செல்போனைப் பார்த்தேன்.

நான் வியாசர்பாடி, அவர் ராயபுரம். நடுவே பேசின் பிரிட்ஜ் மட்டும்தான். ஆனால் வேர் இரண்டு பேருக்கும் செய்யாறு பக்கம். என் தாத்தாவும் அவருடைய தாத்தாவும் ஒரே சாதி, அநேகமாக ஒரே ஏரிப் பாசனத்தில் கூலி வேலை பார்த்தவர்கள். அவர் தாத்தா வேதத்தில் சேர்ந்தார், என் தாத்தா சேரவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். என் சாதிச் சான்றிதழில் இந்து ஆதிதிராவிடர், எஸ்சி. அவருடையதில் ஆதிதிராவிடரிலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறியவர், பிசி. எத்தனை தலைமுறைக்கு முன்னால் மாறியிருந்தாலும் தமிழ்நாட்டுப் பட்டியலில் அப்படித்தான். முதல் தடவை இரண்டு சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது இருவருக்கும் சிரிப்பு வந்தது. பிறகு அந்தச் சிரிப்பு நின்றுபோகிற மாதிரி ஆறு மாதம் அலைந்தோம்.

என் அப்பா அம்மாவுக்கு 1988-இல் சுயமரியாதைத் திருமணம். அப்பாவின் சங்கத் தோழர் ஒருவர் தலைமை தாங்க, மாலை மாற்றிக்கொண்டதோடு சரி. அப்பா இறந்து பல வருடம் ஆனாலும் அந்தத் தோழர் எங்கள் வீட்டுக்கு வந்து போவார். விஷயத்தைச் சொன்னதும், “இதுக்கு எதுக்கும்மா ரெஜிஸ்டர் ஆபீசு? மாலையை மாத்துங்க, நான் வரேன்” என்றார். எனக்கும் அதுதான் ஆசை. அண்ணா முதல்வராக இருந்த 1967-இல் கொண்டுவந்த சட்டத் திருத்தத்தால் அந்தத் திருமணம் செல்லும் என்பது எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எங்களில் யாருக்கும் தெரியாதது ஒன்று இருந்தது. அந்தத் திருத்தம் இந்துத் திருமணச் சட்டத்துக்குள் 7ஏ என்று நுழைக்கப்பட்டது. அதாவது, இரு இந்துக்களுக்கு இடையே நடந்தால்தான் அது சட்டப்படி திருமணம். ஐயர் வேண்டாம் என்று சொல்ல இடம் தரும் பிரிவு, மணமகன் கிறிஸ்தவர் என்றால் கைவிரித்துவிடும். தோழரிடம் இதைச் சொல்ல எனக்குத் தயக்கமாக இருந்தது. சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “சரி, சாட்சிக் கையெழுத்தாச்சும் போட விடுவாங்களா?” என்றார். இதில் மாட்டிக்கொண்டு பிற்பாடு இன்சூரன்சுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் அல்லாடுகிற ஜோடிகளை நான் பார்த்திருக்கிறேன். மாலை மாற்றிய போட்டோ இருக்கிறது, வீடியோ இருக்கிறது, சான்றிதழ் இல்லை.

அவர் வீட்டில் இன்னொரு வழி வைத்திருந்தார்கள். மாமியார் (அப்போது ஆன்ட்டி) மிகவும் மென்மையான மனுஷி. “ஞானஸ்நானம் எடுத்துக்கம்மா, கோயில்ல கல்யாணம் முடிச்சிடலாம். தண்ணிதானே, உன் மனசை யாரு கேக்கப் போறா?” என்றார். எனக்கு மதப்பிடிப்பு பெரிதாக இல்லை. மாதம் ஒருமுறை மாரியம்மனுக்குக் கற்பூரம், அவ்வளவுதான். ஒப்புக்கொண்டுவிடலாம் என்றுகூட ஒரு வாரம் நினைத்தேன். தடுத்தது பக்தி இல்லை, என் வேலை.

அப்போதுதான் குரூப் 4 எழுதி எஸ்சி பிரிவில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். சாதிச் சான்றின் மெய்த்தன்மை சரிபார்ப்பு முடிந்திருக்கவில்லை. 1950-ஆம் வருட குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி, இந்து அல்லாதவர் யாரும் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார் என்றது. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர், முஸ்லிம் இன்னமும் வெளியேதான். அந்தத் தண்ணி தலையில் விழுந்தால் என் சான்றிதழ் நனைந்துவிடும். ஆன்ட்டிக்கு இது புரிய வெகு நேரம் ஆனது. “சாதி இல்லன்னுதானே எங்க மாமனாரு வேதத்துக்கு வந்தாரு, இப்போ சாதி சர்டிபிகேட்டுக்காக நீ வரமாட்டேங்குற” என்றார். பதில் சொல்ல முடியாத கேள்விதான். ஆனால் அந்த மாமனாருக்குத் தேவாலயக் கல்லறையிலும் தனி மூலைதான் கிடைத்தது என்பதை அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். மதம் மாறியும் சாதி விடவில்லை, சலுகை மட்டும் விட்டுவிட்டது.

2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் தீர்ப்பு சொன்னபோது எனக்குப் பழைய நினைவு வந்து கை சில்லிட்டது. ஞானஸ்நானம் பெற்று, ஆலயத்துக்குத் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தவர், வேலைக்காக மட்டும் இந்து என்று எஸ்சி சான்று கேட்க முடியாது என்றது நீதிமன்றம். கலப்பு மதத் திருமணம் செய்யப்போகிற, ஒதுக்கீட்டில் வேலையில் இருக்கிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்: திருமணத்தால் உங்கள் சாதிச் சான்று மாறாது, சடங்கால் மாறும். யாருடைய மனத்தையும் நோகடிக்காமல் இருக்கச் செய்கிற காரியம்தான் பின்னால் கோப்பில் ஆதாரமாக வந்து உட்காரும்.

மிச்சமிருந்தது 1954-ஆம் வருட சிறப்புத் திருமணச் சட்டம். உயர் நீதிமன்றத்துக்கு எதிர்ப்பக்கம் ஒரு சட்டப் புத்தகக் கடையில் அதன் மெலிந்த பதிப்பை வாங்கி பஸ்ஸிலேயே படிக்க ஆரம்பித்தேன். வக்கீலிடம் போவதற்கு முன் இதைச் செய்தது நான் செய்த மிகச் சிறந்த செலவு. ஐம்பத்துச் சொச்சம் பிரிவுகள்தான், அதில் திருமணத்துக்கு வேண்டியது முதல் இருபது. இதற்கு முன்னோடி 1872-இல் வெள்ளைக்காரன் காலத்தில் வந்த சட்டம். அதில் திருமணம் செய்ய வேண்டுமானால் இருவரும், நான் இந்து இல்லை, கிறிஸ்தவன் இல்லை, முஸ்லிம் இல்லை என்று வரிசையாக மறுத்து எழுதிக் கொடுக்க வேண்டும். 1954 சட்டம் அந்த மறுப்பைக் கேட்கவில்லை. அவர் சிலுவையோடு வரலாம், நான் பொட்டோடு வரலாம். இந்த நாட்டில் இந்துவுக்கு ஒரு சட்டம், கிறிஸ்தவருக்கு ஒரு சட்டம், முஸ்லிமுக்கு ஒரு சட்டம் என்று தனித்தனி வாசல் வைத்திருக்கிறார்கள். எந்த இரு மதத்தவரும் எதையும் கழற்றி வைக்காமல் நுழைகிற ஒரே வாசல் இது. அந்த வாசலில் மட்டும்தான் முப்பது நாள் பெயர் எழுதி ஒட்டுகிறார்கள். மதத்துக்குள்ளேயே கல்யாணம் செய்துகொள்கிற என் தோழிகள் யாருடைய பெயரும் எந்த அரசுப் பலகையிலும் தொங்கவில்லை.

நோட்டீஸ் கொடுக்க, இருவரில் ஒருவராவது அந்தப் பதிவு மாவட்டத்தில் குறைந்தது முப்பது நாள் தொடர்ந்து குடியிருந்திருக்க வேண்டும். அதில் சிக்கல் இல்லை. சிக்கல் என் ஆதாரில் இருந்தது. கோடை விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது பள்ளிக்கூட முகாமில் எடுத்த அட்டை, அதனால் முகவரி பெரியப்பா வீடு. நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் வியாசர்பாடி. ஊர் முகவரியால் என்ன ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன். ஆறாவது பிரிவைக் கண்ணால் படித்தேனே தவிர மண்டையில் ஏற்றவில்லை. நிரந்தர முகவரி வேறு மாவட்டமாக இருந்தால் நோட்டீஸின் நகல் அந்த மாவட்டத்துக்கும் போகும், அங்கேயும் ஒட்டுவார்கள். இதைப் படிக்கிற யாராவது இந்த நிலையில் இருந்தால், விண்ணப்பம் போடும் முன்பே ஆதார், வாக்காளர் அட்டை எல்லாவற்றிலும் நீங்கள் உண்மையில் வசிக்கிற முகவரியை மாற்றிவிடுங்கள். வீட்டில் அடிதடிக்கு வாய்ப்புள்ளவர்களுக்கு இது உயிர் பிரச்சினை. 2016-இல் உடுமலைப்பேட்டை பஸ் நிலையத்தின் அருகே நடந்த ஆணவக் கொலையை டிவியில் பார்த்த என் அம்மா, நோட்டீஸ் போட்ட அன்றிலிருந்து நான் ஆபீஸிலிருந்து வரும்வரை வாசலிலேயே நிற்பார்.

விண்ணப்பம் கொடுத்த அன்று கவுண்டரில் இருந்தவர் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “ரெண்டு பேரோட பேரன்ட்ஸையும் கூட்டிட்டு வாங்க” என்றார். அவர் அதட்டவில்லை, ஏதோ ஜெராக்ஸ் விட்டுப்போன மாதிரி சாதாரணமாகச் சொன்னார். ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 முடிந்திருந்தால் பெற்றோர் வரவேண்டும் என்று சட்டத்தில் ஒரு வார்த்தை இல்லை. எனக்கு 26. நானும் ஒரு அரசு அலுவலகத்தில் கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்காருகிறவள் என்பதால் ஒரு விஷயம் தெரியும்: வாயால் சொல்கிற மறுப்பு வேறு, எழுதித் தருகிற மறுப்பு வேறு. “சரிங்க சார், எந்தப் பிரிவுப்படின்னு இதிலேயே எழுதிக் குடுத்துடுங்க, கூட்டிட்டு வரோம்” என்றேன். அவர் என்னைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், தாளை உள்ளே அனுப்பினார். குரலை உயர்த்தியிருந்தால் அன்றைக்கு வேலை நடந்திருக்காது.

பதினெட்டாம் நாள் பெரியப்பா வந்தார். ஊரில் பத்திர எழுத்தராக இருக்கும் தூரத்துச் சொந்தம் ஒருவர் பலகையில் என் பெயரைப் பார்த்துப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டார். முதல் பஸ்ஸைப் பிடித்து, கோயம்பேட்டில் இறங்கி, எங்கள் வீட்டுக்குக்கூட வராமல் நேரே சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்விட்டார். அம்மா போன் செய்து, நான் பர்மிஷன் போட்டுவிட்டு ஓடினேன். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, கையில் மஞ்சள் பை. ஆட்சேபணை எழுதிக்கொண்டிருந்தார்.

அவர் கெட்டவர் இல்லை. அப்பா போன பிறகு என் பள்ளிக்கூடத்துக்குப் பணம் கட்டியவர். எங்கள் வம்சத்தில் முதல் அரசு வேலை என்னுடையது, அது போய்விடும் என்பதுதான் அவர் பயம். வேறு மதத்தில் கட்டிக்கொண்டால் எஸ்சி போய்விடும், வேலை போய்விடும், அப்பன் சொத்தில் பங்கு போய்விடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மூன்றையும் எழுதி, நான்காவதாகப் பெற்றோர் சம்மதம் இல்லை என்றும் சேர்த்திருந்தார்.

சார்பதிவாளர் ஒரு இளம்பெண். அவர் அன்று நடந்துகொண்ட விதத்தை நான் மறக்கமாட்டேன். பெரியப்பாவை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டினார். சட்டமும் அதைத்தான் சொல்கிறது, ஆட்சேபணையைப் பதிவேட்டில் எழுதி, தேவைப்பட்டால் வாசித்து விளக்கி, ஆட்சேபிப்பவரின் கையெழுத்தை வாங்க வேண்டும். பிறகு சொன்னார்: “ஐயா, இந்த ஆளுக்கு ஏற்கெனவே சம்சாரம் இருக்கா? வயசு பத்தலையா? சித்தசுவாதீனம் இல்லையா? ரத்த உறவா? இந்த நாலுல ஒண்ணு இருந்தா எழுதுங்க, நான் விசாரிக்கிறேன். இல்லன்னா இதை எடுத்துக்க எனக்கு அதிகாரம் இல்ல.” எடுத்துக்கொண்டால் முப்பது நாளுக்குள் விசாரித்து முடிவு சொல்ல வேண்டும் என்பதும், காரணமில்லாத ஆட்சேபணைக்கு ஆயிரம் ரூபாய்வரை செலவுத்தொகை விதிக்கலாம் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. அதை அவர் சொல்லவில்லை. பேனாவை மட்டும் நீட்டினார்.

பெரியப்பா பேனாவை வாங்கினார். மூடியைத் திறந்தார். திறந்த மூடியைப் பின்பக்கம் செருகினார். அப்புறம் அப்படியே இருந்தார். “பாப்பா ஸ்கூல் ரசீதுல எல்லாம் நான்தான்மா கையெழுத்துப் போட்டிருக்கேன்” என்று சார்பதிவாளரிடம் சொன்னார். கையெழுத்துப் போடவில்லை.

வெளியே டீக்கடையில் ஒரு மணி நேரம். என் புத்தகத்தை எடுத்து ஒவ்வொன்றாகக் காட்டினேன். நான் மதம் மாறவில்லை, இந்தச் சட்டத்தில் மாறவும் தேவையில்லை, ஆகவே சான்றிதழுக்கு ஒன்றும் ஆகாது. பங்கு விஷயத்தில் அவர் கேள்விப்பட்டது பாதி உண்மை. 19-ஆம் பிரிவின்படி இந்து ஒருவர் வேற்று மதத்தவரை இப்படி மணந்தால் கூட்டுக்குடும்பத்திலிருந்து பிரிந்தவராகக் கருதப்படுவார். அதாவது பாகம் பிரிந்த மாதிரி. பங்கு பறிபோகாது, அடுத்த பிரிவே உரிமையைக் காப்பாற்றுகிறது. மதம் மாறியதாலோ சாதியை விட்டதாலோ சொத்துரிமை போகாது என்று 1850-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். “அப்போ ஊருல இருக்கிற அந்த முக்கா சென்ட்டுல உனக்குப் பாகம் உண்டுங்கிற” என்றார் பெரியப்பா. இருவரும் சிரித்துவிட்டோம். அந்த முக்கால் சென்ட் இடத்தில் ஒரு வேப்பமரமும் ஒரு மாட்டுக்கொட்டகையும்தான் இருக்கிறது.

அதற்குள் வேறொரு கணக்கு இடித்தது. ஊருக்குப் போன நகல் திரும்பி வர, இவர்கள் கோப்பை முடிக்க என்று ஜூலை பாதி வந்துவிட்டது. ஆடி பிறந்துவிட்டது. ரெஜிஸ்டர் கல்யாணமே ஆனாலும் ஆடியில் கூடாது என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றார். நோட்டீஸ் கொடுத்த தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் திருமணம் முடிக்காவிட்டால் நோட்டீஸ் காலாவதி, மறுபடி முதலிலிருந்து பலகை. செப்டம்பர் இரண்டாம் வாரம் கடைசி. ஆவணி முதல் வாரத்தில் முடித்தோம். ஆடியும் மார்கழியும் குறுக்கே வருகிறவர்கள் காலண்டரை முன்னால் வைத்துக்கொண்டு நோட்டீஸ் தேதியை முடிவு செய்யுங்கள். சிரிக்காதீர்கள், நான் அனுபவப்பட்டவள்.

மூன்று சாட்சிகள் வேண்டும். தோழர் ஒருவர், மாப்பிள்ளையின் அண்ணி ஒருவர், மூன்றாவது பெரியப்பா. திருமண அலுவலர் முன்னால் இருவரும் வாயால் சொல்ல வேண்டிய வாசகம் ஒன்று சட்டத்திலேயே இருக்கிறது, இருவருக்கும் புரிகிற எந்த மொழியிலும் சொல்லலாம். இன்னாராகிய நான் இன்னாராகிய உங்களைச் சட்டப்படி என் கணவராக ஏற்கிறேன் என்று தமிழில் எழுதி வைத்திருந்தேன். வாய் வறண்டு முதல் வார்த்தையிலேயே தடுக்கியது. பக்கத்து அறையில் யாரோ வில்லங்கம் முப்பது வருஷத்துக்கு வேணும் என்று கத்திக்கொண்டிருந்தார்கள். நான் சொல்லி முடித்ததும் மாமியார் மெதுவாக “ஆமென்” என்றார். சார்பதிவாளர் தலை நிமிராமல் சிரித்தார்.

அலகாபாத் உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியில், ஜோடி எழுதிக் கேட்டால் மட்டும் நோட்டீஸை வெளியிட்டால் போதும் என்று சொன்னது. பேப்பரில் படித்துவிட்டுச் சந்தோஷப்பட்டேன். ஆனால் அது அந்த மாநிலத்துத் தீர்ப்பு, பிரிவு இன்னும் புத்தகத்தில் அப்படியேதான் இருக்கிறது. மிரட்டல் இருப்பவர்கள் நோட்டீஸ் போடும் முன்பே காவல்துறையில் எழுத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கிவிடுங்கள். இரு வயதுவந்தவர்களின் திருமணத்தில் தலையிட ஊருக்கோ உறவுக்கோ உரிமையில்லை, இப்படிப்பட்ட ஜோடிகளுக்குப் பாதுகாப்பு தர மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு வேண்டும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மனுவில் அதைக் குறிப்பிடுங்கள்.

2021-இல் மகள் பிறந்தாள். பிறப்புப் பதிவுப் படிவத்தில் குடும்பத்தின் மதம் என்று ஒரு வரி, ஒரே ஒரு டிக். ஆஸ்பத்திரியில் நிரப்பிக்கொண்டிருந்த அக்கா, “ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்க, பின்னாடி ஆளு நிக்குது” என்றார். கணவர் என்னைப் பார்க்க, நான் அவரைப் பார்க்க, அந்த அக்கா தானே ஏதோ ஒன்றில் டிக் போட்டுக்கொண்டார். எதில் என்று இன்றுவரை தெரியாது. எல்கேஜி சேர்க்கையில் நான் தயாராகப் போனேன். பள்ளிச் சேர்க்கையில் சாதி, மதத்தை விட்டுவிட 1973-லேயே தமிழ்நாட்டில் அரசாணை உண்டு. கம்ப்யூட்டர் ஏற்கவில்லை என்றார்கள். ஆணை எண்ணோடு எழுதிக் கொடுத்தேன். இரண்டு நாளில் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொண்டது.

கடைசியாக ஒரு விஷயம், யாரும் முன்கூட்டியே சொல்லித் தராதது. இந்தச் சட்டத்தில் இப்படி மணந்தால், உங்கள் சொத்துக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தாது, 1925-ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான். உயில் எழுதாமல் நான் இறந்தால் கணவருக்கு மூன்றில் ஒரு பங்கு, மகளுக்கு மூன்றில் இரண்டு. அம்மாவுக்கு ஒன்றுமில்லை. ஆண் பிள்ளைகளுக்கு இது இன்னும் அதிர்ச்சியாக இருக்கும், இந்துச் சட்டத்தில் மகன் சொத்தில் தாய் முதல் வகுப்பு வாரிசு, இங்கே பேரப்பிள்ளை இருந்தால் அவருக்கு இடமே இல்லை. நாங்கள் மாதவரத்தில் சின்ன பிளாட் வாங்கிய மறுமாதமே இருவரும் உயில் எழுதினோம். உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, இரண்டு சாட்சிகள் போதும், பதிவு கட்டாயமில்லை. நாங்கள் பதிவு செய்தோம், அதே அலுவலகத்தில். பலகை இப்போது புதிது, கண்ணாடி போட்டது. வேறு யாரோ இருவரின் பெயர் நேராக ஒட்டியிருந்தது.

உயிலில் அம்மாவுக்கு என்ன எழுதியிருக்கிறேன் என்று படித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார்.

“எனக்கு எதுக்குடி வூட்டுல பங்கு? அந்த கிரைண்டரை மட்டும் எழுதி வை. உன் மாமியா கண்ணு அதும்மேலேயே இருக்குது.”